மீன் இல்லாத படம்

ஸாஜிதாவும் மதுரனும் சனிக்கிழமைக் காலைகளில் புத்தளம் டவுனைச் சுற்றத் தொடங்கியது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. ஸாஜிதாவின் கணவர் முபாரிஸ் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தார். அதற்கு அடுத்த கதவு ஒரு ஸ்டூடியோ. உடப்பைச் சேர்ந்த மதுரன் அங்கே அடையாள அட்டைப் படமும் கல்யாணப் படமும் எடுக்கிறவன். வேலை குறைந்த நேரங்களில் கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவான். எடுத்த படங்களை யாருக்குக் காட்டுவதென்று தெரியாமல் முபாரிஸுக்குக் காட்டுவான். முபாரிஸ் அவற்றை வீட்டுக்கு, மனைவிக்கு அனுப்புவார். ஸாஜிதா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். ஒருநாள் ஒரு படத்துக்கு நாலு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள். அந்த நாலு வரியிலிருந்துதான் 'புத்தளம் காலை' என்ற முகநூல் பக்கம் உண்டானது.

பக்கத்தில் என்ன இருக்கும் என்று கேட்டால், ஊர் இருக்கும். உப்பளத்தில் வெயிலுக்கு முகத்தை மூடிக்கட்டிய பெண்கள், நடுரோட்டில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கும் கழுதைகள், பாய் சுருட்டிக்கொண்டு தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போகும் குடும்பங்கள், முன்னேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வந்து ஒவ்வொரு மூக்குக் கண்ணாடியாகப் போட்டுப் பார்க்கும் குருக்கள், பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் கூட்டம். கட்டாரில் வேலை செய்கிற புத்தளத்துப் பொடியன்கள் அதைப் பார்த்து, "எங்கட சந்தி" என்று எழுதுவார்கள். சிங்களத்திலும் எழுதிப் போட்டதால் சிங்களவர்களும் பார்த்தார்கள். மதுரன் முன்பு சிலாபத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அங்கேயும் அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

மதுரன் கூச்சமில்லாதவன். முழங்காலில் குந்தி, கதிரையில் ஏறி, எப்படியாவது படத்தை எடுத்துவிடுவான். ஸாஜிதா கைப்பையைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நிற்பாள். டீச்சர் ஆள் தெருவில் நின்று கண்டவர்களோடு கதைத்தால் பிள்ளைகளின் பெற்றோர் பார்ப்பார்களே என்ற எண்ணம் அவளுக்கு. வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, தோன்றியதை எழுதுவாள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மீன் சந்தைப் படமும் அப்படி எழுதப்பட்டதுதான்.

அந்தச் சந்தையில் ஷானிகா மீன் விற்கிறாள். சிங்களக் கத்தோலிக்கப் பெண், சிலாபத்துக்காரி, மாம்புரியில் கட்டிக்கொண்டவள். புருஷனின் படகில் வருவதைத்தான் விற்பாள். தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளிடம் நாளாந்தம் மீன் வாங்குகிறவர் மின்ஹாஜ். பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற, பேச்சுக் குறைந்த, தாடி நரைத்த மனிதர்; அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷானிகாவின் முன்னால் மட்டும் அவருக்குப் பேச்சு வந்துவிடும். அன்றைக்கு அவர் ஒரு பெரிய பாரை மீனின் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் சரிந்து, ஒரு கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். மதுரன் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டான். நல்ல படம். மீனின் வெள்ளி உடம்பு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது.

ஸாஜிதா எழுதினாள்: "இவர்கள் சண்டை பிடிக்காமல் புத்தளத்தில் ஒரு நாள் விடிவதில்லை. அவர் முஸ்லிம், இவள் சிங்களப் பெண். சண்டை மட்டும் தமிழில் நடக்கிறது."

அந்தக் கடைசி வரி அவளுக்கே பிடித்திருந்தது. மதுரன் வழக்கம்போல் அதைச் சிங்களத்திலும் போட்டான். அதுவரை போட்ட எந்தப் படத்துக்கும் கிடைக்காத விருப்பங்கள் அதற்குக் கிடைத்தன.

சில நாள் கழித்து, பின்னேரம், முபாரிஸ் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே ஃபோனை நீட்டினார்.

"இது உங்கட படம்தானே?"

படம் அதுதான். ஆனால் யாரோ அதை வெட்டியிருந்தார்கள். மின்ஹாஜின் கை முழங்கையிலிருந்து விரல்கள் வரை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மீன் இல்லாதபோது அந்தக் கை ஒரு முஷ்டியாக இருந்தது, ஷானிகாவின் கை அடி விழாமல் தடுக்கிற கையாக இருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் சிங்களம். ஸாஜிதா எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'புத்தளத்தில் எங்கள் அம்மாமாருக்கு இப்படித்தான் ஒவ்வொரு நாளும் விடிகிறது. எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பது?'

விடிகிறது. அது அவளுடைய சொல். அவளுடைய வரியிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

"எவ்வளவு பேருக்குப் போயிருக்கு?"

"எண்ண ஏலாது. வாட்ஸப்புலயும் போகுது. எனக்கே மூணு பேர் அனுப்பிட்டாங்க."

சிலாபத்தில் யாரோ ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரியை வேறுவிதமாக வாசித்துக் முஸ்லிம்களின் கடைகளை உடைத்த வருசத்தை அந்தக் கரையில் யாரும் மறந்திருக்கவில்லை. ஸாஜிதாவின் உம்மா ஸுலைஹா பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் துரத்தியபோது கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவள். முற்றத்துக்குப் போய், பாதி காய்ந்திருந்த உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து வந்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் வீட்டு உறுதிப் பத்திரமும் இருக்கிற பையை எடுத்துத் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உம்மா, ஒண்டும் நடக்காது," என்றாள் ஸாஜிதா.

"நடக்கும் எண்டு நான் சொன்னனா? கையெட்டுற தூரத்துல இருக்கட்டும்."

அன்றிரவு ஸாஜிதா, முகநூல் பக்கத்தில் இருந்த படத்தை அகற்றுவதா வேண்டாமா என்று மதுரனோடு ஃபோனில் கதைத்தாள். "எடுத்தா, பயந்து எடுத்துட்டாங்க எண்டு சொல்லுவாங்க டீச்சர்," என்றான் அவன். அதுவும் சரிதான். முதலில் மின்ஹாஜைப் பார்த்து வருவோம் என்று முடிவானது.

மின்ஹாஜின் கடையில் அவர்கள் போன நேரத்துக்குக் கொழும்பு பஸ்காரர்கள் நிறைந்திருக்க வேண்டும். அநுராதபுரம் போகிற சாரதிகளும் நடத்துனர்களும் பாணும் பருப்பும் மீன்குழம்பும் அங்கேதான் சாப்பிடுவார்கள். பெரும்பாலும் சிங்களவர்கள். அன்றைக்கு இரண்டு மேசைகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். மின்ஹாஜ் காசு மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"வாங்க டீச்சர். டீ போடச் சொல்லவா?"

ஏசுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த வரவேற்பு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நானா, எங்களாலதான் இது," என்று தொடங்கினாள்.

"நீங்க வெட்டினீங்களா? இல்லயே." அவர் குரலை உயர்த்தவில்லை. "பொலிஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. விசாரிச்சாங்க, நல்லாத்தான் கதைச்சாங்க. கொஞ்ச நாளைக்கி மார்க்கெட் பக்கம் போகாதீங்க எண்டு சொன்னாங்க. நான் இப்ப போறல்ல. ஐஸ் மீன் வாங்கித்தான் ஆக்குறம்." பஸ் நிலையத்துப் பக்கம் தலையைத் திருப்பினார். "பஸ்காரங்க வாறல்ல. ஏசவும் இல்ல, சண்டை புடிக்கவும் இல்ல. ரோட்டால போறாங்க, இங்கால திரும்பிப் பாக்காம போறாங்க. அதுதான்."

மதுரன் கெமராவைத் திறந்து காட்டினான். அன்றைக்கு அவன் ஒரு படம் மட்டும் எடுக்கவில்லை. கத்தி முடித்த பிறகு ஷானிகா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள், மின்ஹாஜும் மீனைக் கூடைக்குள் போட்டபடி சிரிக்கிறார். தெளிவான படம்.

"இதைப் போடுவம் நானா," என்றான். "பாத்த உடனே எல்லாருக்கும் விளங்கிரும்."

மின்ஹாஜ் நெடுநேரம் அதைப் பார்த்தார். "ஷானிகாட்ட கேளுங்க. அவட முகமும் ஈக்கிதானே. அவ ஓம் எண்டா எனக்கும் ஓம்."

ஷானிகா ஓம் என்று சொல்லவில்லை.

சந்தையில் அவளுடைய மேசைக்கு முன்னால் அவர்கள் போய் நின்றபோது ஒரு திரளி மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மதுரன் காட்டிய படத்தை, கத்தியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"இது வேணா."

"ஏன் அக்கா? சிரிச்சுக்கொண்டுதானே இருக்கீங்க," என்றான் மதுரன்.

"அதுதான் வேணாங்கிறன். இதைப் போட்டா என்ன சொல்லுவாங்க? அனே பாவம், பயத்துல சிரிக்கிறா எண்டு சொல்லுவாங்க. இல்லாட்டி நானா காசு குடுத்துச் சிரிக்க வச்சார் எண்டு சொல்லுவாங்க." கத்தியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இங்க ரெண்டு பொடியன் பைக்குல வந்தான். எங்க இருந்தோ தெரியா. ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு, 'அம்மே, பயப்படாம சொல்லுங்க, அவன் என்ன செஞ்சான்?' எண்டு கேக்கிறான். நான் நல்லா ஏசி அனுப்பினன். பிறகு என்ன போட்டிருக்கான் தெரியுமா? கதைக்கப் பயப்படுறாளாம். நான்!"

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். ஷானிகா சிரிக்கவில்லை.

"சிலாபத்துல என்ட அண்ணன் என்னோட கோவம். வியாபாரத்தை விட்டுட்டு வீட்டுல இரு எண்டு சொல்றான். அண்ணி கோயில்ல எனக்குப் பூசை குடுத்திருக்கா. மார்க்கெட்டுல ஆம்பிள கிட்ட அடி வாங்கின பொம்பிள எண்டு அங்க எல்லாருக்கும் என்னைப் பாத்துப் பாவமாம். என்னைப் பாத்து!"

ஸாஜிதா அதுவரை மதுரனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். மீன் தண்ணீர் கால்மாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பர்தாவின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"அப்ப நாங்க என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்க அக்கா."

ஷானிகா அவளை இப்போதுதான் முதல் தரம் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீதானா எழுதின மிஸ்? என்ட மகள் வாசிச்சுக் காட்டினாள். சண்டை, சண்டை எண்டு எழுதியிருக்க. என்ன சண்டை எண்டு எழுதினியா? மீனைப் பத்தி ஒரு சொல்லு இருக்கா அதுல?"

இல்லை. ஸாஜிதா மனதுக்குள் அந்த வரிகளைச் சொல்லிப் பார்த்தாள். முஸ்லிம் இருந்தது, சிங்களம் இருந்தது, தமிழ் இருந்தது. மீன் இல்லை. வெட்டியவன் படத்திலிருந்துதான் மீனை எடுத்தான். எழுத்தில் அவள் அதை முதலிலேயே விட்டுவிட்டாள்.

"என்ன சண்டை?" என்று கேட்டாள்.

"அந்தப் பாரை விடிய வந்த மீன். என்ட மனுஷன் புடிச்சது. மாம்புரியில இறக்கி லொறியில ஏத்தி நேரா இங்க வந்தது. அதைக் கையில எடுத்து, நேத்து மீன் எண்டு சொல்றார் நானா. எல்லாருக்கும் கேக்கச் சொல்றார். எனக்குக் கோவம் வராதா? அதை எழுது. மீன் விடிய வந்தது எண்டு எழுது. மத்ததெல்லாம் எனக்குத் தேவையில்ல."

அந்தச் செய்தியோடு ஸாஜிதா தனியாகவே மின்ஹாஜின் கடைக்குத் திரும்பிப் போனாள். மதுரனுக்கு ஸ்டூடியோவில் ஆள் காத்திருந்தார். கடையில் இன்னும் ஈயாடியது. ஷானிகா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"விடிய வந்த மீனா?" மின்ஹாஜ் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அப்பிடியா சொல்றா?"

"ஓம். நீங்க சொன்னது பொய்யாம்."

"டீச்சர், நான் மீன் வாங்கத் தொடங்கி எத்தின வருசம் தெரியுமா? செவுள் கறுத்துப் போயிருந்திச்சி. கண் உள்ளுக்கு இறங்கியிருந்திச்சி. வெட்டினா ரத்தம் இல்ல. அது விடிய வந்த மீனா?" எழும்பியே விட்டார். "அவ சொன்னத நீங்க எழுதினா நான் சொன்னதையும் எழுதோணும்."

"எழுதலாம் நானா. ஆனா ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிண்டு சொன்னா நல்லது."

பொலிஸ்காரர் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் வெளியே, பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கி சுபஹு தொழுகைக்குப் பொறகு வாறன்," என்றார்.

மறுநாள் அவர் சந்தைக்குள் வந்தபோது பல மேசைகளில் பேச்சு நின்றது. ஷானிகா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் எந்த ஊர் மீன் தின்டீங்க நானா?" என்றாள்.

"ஐஸ் மீன். ஒன்ட மீனைவிட நல்லா ஈந்திச்சி."

அவ்வளவுதான், தொடங்கிவிட்டது. செவுள் ஏன் கறுக்கும், வெயிலில் லொறி நின்றால் கறுக்குமா, கண் இறங்குவது ஐஸ் போட்டதாலா போடாததாலா என்று இருவரும் மாறி மாறிச் சொல்ல, ஸாஜிதா ஃபோனில் பதிவு செய்தாள். இடையிடையே, "அக்கா, கொஞ்சம் மெதுவா," என்று மறித்துக் கேட்டாள். விளங்காததை மறுபடி கேட்டாள். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிலர் ஷானிகாவின் பக்கம், சிலர் மின்ஹாஜின் பக்கம். அங்கே சிங்களவரும் முஸ்லிமும் தமிழரும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை ஸாஜிதா கவனித்தாள். அதை எழுதலாம் என்று ஒரு வரி மனதில் உருவானது. எழுதவில்லை.

சத்தம் ஓய்ந்த பிறகு மின்ஹாஜ் குரலைத் தாழ்த்தி, தங்கை என்று சிங்களத்தில் அழைத்துக் கேட்டார். "ஒனக்கு வீட்டுல கரைச்சலா நங்கி?"

"அண்ணன் கதைக்கிறல்ல. உங்களுக்கு?"

"பஸ்காரங்க வாறல்ல."

ஷானிகா மேசையிலிருந்த மீன்களைப் புரட்டி ஒரு பாரையை எடுத்துத் தராசில் போட்டாள். மின்ஹாஜ் செவுளைத் திறந்து பார்க்காமலே பையை நீட்டினார். "பாருங்க, பாத்து வாங்குங்க," என்றாள் அவள், கோபமாக. அவர் பார்த்தார். அன்றைக்குக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே பதிவு போனது. பழைய படம்தான், வெட்டாமல், முழுசாக. ஸாஜிதா தமிழில் எழுதினாள். ஷானிகா சிங்களத்தில் சொன்னதை மதுரன் அவள் சொன்னபடியே தட்டெழுதினான். 'இது பாரை மீன். விடியற்காலை மாம்புரியில் கரைக்கு வந்தது என்று ஷானிகா சொல்கிறார். முதல் நாள் மீன் என்று மின்ஹாஜ் சொல்கிறார். சண்டை அதைப் பற்றித்தான்.' அதன் கீழே இருவருடைய நியாயங்களும், ஒரு சொல்லும் அலங்கரிக்காமல். கடைசியில் ஸாஜிதா ஒரு வரி சேர்த்தாள்: 'முதலில் எழுதியபோது இதை நாங்கள் கேட்கவில்லை.'

பொய்ப் படம் ஓடிய ஓட்டத்தில் கால்வாசி கூட இது ஓடவில்லை. வெட்டியவன் யார் என்பதும் தெரியவரவில்லை. அந்தச் சிவப்பு எழுத்துப் படம் எங்கெங்கோ ஃபோனுக்கு ஃபோன் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் போக வேண்டிய சில இடங்களுக்கு உண்மைப் படமும் போனது. சிலாபத்திலும் கல்பிட்டியிலும் கடலுக்குப் போகிறவர்கள் அதற்குக் கீழே சிங்களத்திலும் தமிழிலும் செவுள் நிறத்தைப் பற்றி வாதாடினார்கள். பாரைக்குச் செவுள் சீக்கிரம் கறுக்கும் என்று நீர்கொழும்பிலிருந்து ஒரு பெண் எழுதியதை ஷானிகா மின்ஹாஜிடம் உரக்க வாசித்துக் காட்டினாளாம். அவளுடைய அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாம்புரிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அடி வாங்கியதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மீன் வியாபாரத்தை விடச் சொல்லியும் கேட்கவில்லை.

பஸ்காரர்களில் முதலில் வந்தவர் ஒரு வயதான சாரதி. எப்போதும் இருக்கிற மூலை மேசையில் இருந்து, எப்போதும் சாப்பிடுவதைக் கேட்டார். மின்ஹாஜ் பருப்பு கொஞ்சம் கூட வைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. இரண்டொருவர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையையே பழக்கமாக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கண்டால் மின்ஹாஜ் தலையசைப்பார், அவர்கள் அசைக்க மாட்டார்கள்.

உம்மா ஸுலைஹா அந்தப் பையை எப்போது மறுபடி அலுமாரிக்குள் வைத்தாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் தலையணைக்குப் பக்கத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச வாரம் நிறுத்தியிருந்த சனிக்கிழமை நடையை அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். களப்புக் கரை வீதியில் ஒரு பெண் தோணியின் ஓரத்தில் இருந்து, காலில் குத்தியிருந்த முள்ளை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. மதுரன் நின்றான், கெமராவை உயர்த்தினான், இரண்டு மூன்று தரம் எடுத்தான்.

"நில்லுங்க," என்றுவிட்டு ஸாஜிதா அந்தப் பெண்ணிடம் நடந்து போனாள். அவளுக்குப் பக்கத்தில், மணலில், குந்தி இருந்தாள். இருவரும் கதைப்பது மதுரனுக்குக் கேட்கவில்லை. ஸாஜிதா எதையோ கேட்க, அந்தப் பெண் காலைக் காட்டினாள், தூரத்தில் தண்ணீரைக் காட்டினாள், பிறகு மதுரனைப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினாள்.

ஸாஜிதா திரும்பி வந்து, கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"வேணாமாம். அவ மீன் புடிக்கப் போறது வீட்டுல தெரியாதாம்."

மதுரன் அந்தப் படங்களை ஒரு தரம் பார்த்தான். நல்ல படங்கள். ஒவ்வொன்றாக அழித்தான்.

"வேற என்ன சொன்னா டீச்சர்?"

"எனக்குச் சொன்னா. உங்களுக்கு இல்ல," என்றாள் ஸாஜிதா. இருவரும் சந்தைப் பக்கம் நடந்தார்கள்.